கொக்கிப் பின்

சத்யப்பிரியாவுக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பாப்பாவுக்குத் தாடையில தையல் பிரிச்சாச்சுன்னு உன் தம்பி சொன்னான். நீ போனையே எடுக்கல, அதான் எழுதுதேன்.

கார்ல மாட்டி இழுக்குற நம்ம புது டிரெய்லர் வீட்டுல கூரை ஒழுகினதை அடைச்சிட்டேன். தண்ணி டேங்கையும் மாத்தியாச்சு. மொதப் பயணத்துலயே தேவதானம் ஏத்தத்துல கார்ல இருந்து கழண்டு, உள்ள படுத்திருந்த உங்க ரெண்டு பேரோடயும் பின்னால உருண்டுச்சே, அந்தக் கொக்கிய ராஜபாளையத்துல மூணு பட்டறையில காட்டினேன். ஒரு குறையும் இல்லன்னுட்டாங்க.

வண்டிக்கு ராசியில்ல, வித்துரச் சொல்லுன்னு உங்கம்மா உன் தம்பிகிட்ட சொன்னாங்களாம். நானும் ஆமான்னுட்டேன். அதோட விட்டிருக்கலாம். முடியல.

கெளம்புறதுக்கு முன்னால பூசை போட்டோம்லா? கொக்கியில மாலை சுத்த இடைஞ்சலா இருக்குன்னு, கொக்கி கழண்டுறாமப் பூட்டுற இரும்புப் பின்னை உருவினேன். "பின்னை மாட்டியாச்சா?"ன்னு நீ கேட்ட. "ஏட்டி, எனக்குத் தெரியாதா? ஏறு"ன்னு அம்புட்டு பேர் முன்னாலயும் கத்தினேன்.

வண்டி புளியமரத்துல முட்டி நின்னதும் ஓடிவந்து பாப்பாவைத் தூக்கி நெஞ்சோட அணைச்சேன். "அப்பா, சட்டைப் பையில என்னமோ குத்துது"ன்னா.

ஒண்ணுமில்லன்னு சொன்னேன்.

அது இந்தக் கவருக்குள்ள இருக்கு.

இப்படிக்கு,
பாப்பாவோட அப்பா