அசையாமல் உட்கார ஓர் ஆள்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள், அதனால்தான் இந்தச் சீட்டு.

ஓவிய ஆசிரியர்களும் ஆசைக்கு வரைகிறவர்களும் நான் நடத்தும் ஓவிய முகாமுக்காகப் பல ஊர்களிலிருந்து மண்டபத்தில் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். மதியம் எல்லாரும் ஒரே ஆளைப் பார்த்து உருவப்படம் வரைய வேண்டும். உட்காருவதாகச் சொன்ன தபால்காரர், முதுகு பிடித்துக்கொண்டதாம், வரவில்லை என்கிறார். யாரைக் கேட்டாலும் கையை விரிக்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீங்கள் வாருங்களேன். பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தால் போதும். ஒரு வாரமாக வீட்டில் அதைத்தானே செய்கிறீர்கள்!

கோபம் நியாயம்தான். படம் வரையும் ஸ்டாண்டுகளைப் படுக்கையறை வரை அடுக்கிவிட்டேன். "இந்த வீட்ல நான் எங்கதான் உட்கார்றது?" என்று கேட்டீர்கள். இன்றைக்கு மண்டபத்தின் நட்டநடுவில் ஒரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். அது உங்களுக்குத்தான்.

வீட்டைப் பூட்டச் சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில். சவரம் செய்யாமலே வாருங்கள், வரைய நன்றாக இருக்கும்.

(இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.) நானும் வரையப் போகிறேன், உங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்து. அங்கேயாவது என் முகத்தைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்.