ஓடாதீர்கள் என்பதைச் சிரிக்காமல் எழுது

அன்பு மகள் தியாமிகேவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எங்கள் மூன்று பேருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றிக் கேட்காதே. கேப் டவுன் குளிரில் நீ நெஞ்சுச்சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன், இருந்தால் மருந்து வாங்கிக் குடி, அம்மாவிடம் சொல்லாதே, அவளுக்கு இப்போது இருக்கிற கவலையே போதும். போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் என்றால் நான் பாதியில் எதையாவது கிண்டலாகச் சொல்வேன், நீ சிரிப்பாய், விஷயம் அங்கேயே செத்துவிடும். அதனால்தான் எழுதி, நாளைக்குப் போகிற சின்ன விமானத்தின் பைலட் கையில் கொடுத்து அனுப்புகிறேன். விஷயம் இரண்டு. உன் தம்பி கொண்ட்வானிக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது, கசோண்டே மாமா தூக்கிய அதே துப்பாக்கியை, நான் வண்டி பழுது பார்க்கிற இதே முகாமில், வருகிற மாதத்திலிருந்து அவன் தூக்குகிறான். இன்னொன்று, முதல் தடவை சஃபாரிக்கு வருகிறவர்கள் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று உன் சுற்றுலாக் கம்பெனிக்காக நீ எழுதுகிற பக்கத்தைத் திருத்தித் தரச் சொன்னாயே, அது. இரண்டும் தனித்தனி என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை.

முதலில் உன் பக்கத்தைப் பார்க்கிறேன், கோபப்படாதே, எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "இதமான காலை" என்று எழுதியிருக்கிறாய், ஜூலை மாதம் நம் ஆற்றங்கரையில் விடிகாலை எப்படி இருக்கும் என்று அதற்குள் மறந்துவிட்டதா, கதவும் கண்ணாடியும் இல்லாத வண்டியில் அரைக்கால் சட்டையோடு ஏறி உட்கார்ந்து பல் தந்தியடிக்கிறவர்களுக்குக் கம்பளி எடுத்துக் கொடுப்பதே எங்களுக்கு ஒரு வேலை, கனமான மேல்சட்டை கொண்டுவரச் சொல். கருநீலத்தில் உடுத்த வேண்டாம் என்று எழுது, ட்செட்சி ஈக்கு அந்த நிறம் என்றால் உயிர், துணிக்கு மேலேயே குத்தும். சிங்கம் நிச்சயம் என்று எழுதாதே, அதை எடு. மூன்று நாள் மான்களையும் புழுதியையும் மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. சிங்கம் கிடைத்தாலும் அவர்கள் நினைத்து வருகிற மாதிரி இருக்காது, எருமைக்கன்று செத்து முடிக்க நேரமாகும், அது கத்திக்கொண்டே இருக்கும், பின்சீட்டில் யாராவது அழுவார்கள், ஏதாவது செய்யுங்கள் என்று டிரைவர் தோளைப் பிடித்து உலுக்குவார்கள், நாம் ஒன்றும் செய்ய மாட்டோம், அதை முன்னாலேயே சொல்லிவிடு. வண்டிக்குள் எழுந்து நிற்கக்கூடாது என்பதற்குக் காரணத்தையும் சேர்த்து எழுது, உட்கார்ந்திருக்கும்வரை விலங்குக்கு வண்டியும் ஆளும் ஒரே உருவம், நின்றால் அந்த உருவம் உடைந்துவிடும், உள்ளே தனியாக ஒரு உயிர் இருப்பது தெரிந்துவிடும். முகாமுக்கு வேலி கிடையாது, இருட்டின பிறகு காவலாளி இல்லாமல் கூடாரத்தை விட்டு ஒரு அடி வைக்கக்கூடாது, நீர்யானை கூடாரத்துப் பக்கத்திலேயே மேயும், அதன் உறுமலில் தூக்கம் வராது, இதையெல்லாம் அழகாக்காமல் எழுது. இவ்வளவும் சின்னத் திருத்தங்கள்தான். நடைப்பயணம் என்று நீ எழுதியிருக்கிற பகுதியைத்தான் என்னால் அப்படியே விட முடியாது. அதைச் சொல்வதற்கு முன் கசோண்டே மாமா எப்படிச் செத்தார் என்று உனக்குத் தெரிய வேண்டும், அம்மா போனில் உனக்குச் சொன்னது யானை அடித்துவிட்டது என்பது மட்டும்தான்.

அன்றைக்கு நடந்தவர்கள் நாலு விருந்தினர்கள், எல்லோரும் முதல் தடவை வந்தவர்கள். முன்னால் துப்பாக்கியோடு கசோண்டே, அவன் பின்னால் வழிகாட்டி சகாலா, அவன் பின்னால் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக, எப்போதும் போலத்தான். ஓடைத் திருப்பத்தில் ஒரு பெண் யானை, காலடியில் குட்டி. அது காதை விரித்துக்கொண்டு வந்தது, அது மிரட்டல் மட்டும்தான், கசோண்டே இதைப்போல நூறு பார்த்தவன், நின்ற இடத்தில் நின்று கையைத் தூக்கி அதட்டினான், அதுவும் நின்றுவிட்டது. சகாலா என்னிடம் சத்தியம் பண்ணிச் சொன்னான், "அது திரும்பப் போவுதுண்ணே, தலையத் திருப்பிருச்சு, அப்பத்தான் பின்னாடி புதரு முறியற சத்தம் கேட்டுச்சு." கடைசியில் நின்ற ஹென்ரிக் என்கிற பெரியவர் ஓடிவிட்டார். ஓடுகிறதைக் கண்டால் யானை என்ன செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது கசோண்டேவை விட்டுவிட்டு அவர் பின்னால் போயிற்று. கசோண்டே இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் இன்றைக்கும் இருப்பான். பக்கவாட்டில் ஓடிக் குறுக்கே போய் நின்றான், சுட்டான், குண்டும் சரியான இடத்தில்தான் பட்டது, ஆனால் அவ்வளவு எடை அந்த வேகத்தில் வந்தால் உயிர் போன பிறகும் நிற்காது, இது எனக்குத் தெரிந்த கணக்கு, பிரேக் இல்லாத லாரி மாதிரி வந்து அவன் மேலேயே விழுந்தது. அவனை எடுக்க என் பட்டறையிலிருந்து ஜாக்கியும் இழுவைக் கம்பியும் கொண்டு போனோம். அதற்கு மேல் எழுதமாட்டேன். ஹென்ரிக்குக் கையில் முள் கீறல்.

அடக்கத்துக்கு முகாம் மேனேஜரம்மா வந்து பேசினாள், கசோண்டே தைரியசாலி, கொஞ்சம் அதிகமாக நெருங்கிவிட்டார், காடு எடுத்த முடிவு என்றாள். யார் ஓடினார்கள் என்ற பேச்சே இல்லை. அத்தை தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், புருஷன் தன் தப்பால்தான் செத்தான் என்று ஊரார் முன்னால் சொல்லிவிட்டார்களே. எனக்கு உள்ளே கொதித்தது. அங்கோனிக்காரனான நான் பெம்பாக்காரனுக்கு மச்சான் முறை, நம் இரண்டு இனமும் ஒன்றையொன்று குரங்குதின்னி, எலிதின்னி என்று ஏசிச் சிரிப்பது பாட்டன் காலத்து வழக்கம், அவன் சாவில் கேலி பண்ணிச் சிரிக்க வைப்பது என் கடமை, அங்கே நான் எதைச் சொன்னாலும் எவனும் கோபித்துக்கொள்ள முடியாது, நீயே சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். சரி, இதை வைத்தே சொல்லிவிடலாம் என்று போனேன். பெட்டியைத் தட்டி, "டேய் குரங்குதின்னி, வாழ்நாள் பூரா குரங்கத் தின்னியே, ஒரு மரம் ஏறத் தெரிஞ்சுதாடா உனக்கு?" என்றேன். அவன் தங்கை உடனே, "எலிதின்னிப் பயலே, பொந்துக்குள்ள ஒளிஞ்சே பழகினவன் நீ, யானையப் பத்தி உனக்கென்னடா பேச்சு?" என்றாள். கூட்டம் சிரித்தது. கேட்டதைக் கொடுக்கும்வரை மச்சான் குழியை விட்டு எழமாட்டான் என்பதும் வழக்கம்தானே, நான் குழிக்குள் இறங்கி மல்லாந்து படுத்துவிட்டேன். "ஓடினவன் ஒருத்தன், செத்தவன் ஒருத்தன், இவன் நெருங்கிப் போகல, ஒருத்தன் ஓடினான், அவனுக்காகக் குறுக்க போனான், அந்த ஓடினவன் யாருன்னு மேனேஜரம்மா தன் வாயால சொல்லட்டும், அப்பத்தான் எந்திரிப்பேன்" என்று கத்தினேன். தியாமிகே, எல்லோரும் கை தட்டிச் சிரித்தார்கள். "மச்சான் கோழி வாங்காம எந்திரிக்க மாட்டாரு, கொண்டாங்கடி" என்று யாரோ ஒருத்தி ஒரு கோழியைக் கொண்டுவந்து என் வயிற்றின் மேல் வைத்தாள். மேனேஜரம்மா சகாலாவிடம் அர்த்தம் கேட்டாள், அவனும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்து, எவ்வளவு அழகான வழக்கம் என்றாள். அத்தையும் சிரித்தாள், அவளைச் சிரிக்க வைக்கத்தானே என்னைக் கூப்பிட்டது. கோழியோடு எழுந்து வந்தேன், வேறென்ன செய்ய. நான் சொன்னதைப் பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைவிட மோசம், ஒருவருக்கும் உறைக்கவே இல்லை.

அடக்கத்தில் மேனேஜரம்மா பக்கத்தில் நின்றிருந்த அந்த ஹென்ரிக் மறுநாள் பட்டறைக்கு வந்தார். கையில் ஸ்பானர் இருந்தது, ஓங்கிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது, அதைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். குழியில படுத்துக்கிட்டு நீங்க சொன்னது என்னப் பத்தியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எல்லாரும் சிரிச்சாங்களே என்றார். எங்க வழக்கம் அது என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "ஓடக்கூடாதுன்னு உங்க ஆளு சொன்னாரு. காலையில காப்பி குடிக்கும்போது, ஓடுனீங்கன்னா ஊருக்குத் திரும்புற டிக்கெட் மிச்சம்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். யானை வந்தப்ப எனக்கு அவரு சொன்னதே ஞாபகம் வரல. துப்பாக்கிக்காரர் இருக்காரு, அவரு பாத்துக்குவாரு, நாம போயிரலாம்னு மட்டும்தான் தோணுச்சு." அவரை எனக்கு மன்னிக்கத் தெரியவில்லை, ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. சகாலா வருஷக்கணக்காக அந்த ஜோக்கைச் சொல்கிறான், விருந்தினர்களைப் பயமுறுத்தாதே என்று மேனேஜரம்மாவே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நம் ஆட்கள் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகியவர்கள், நமக்குள் அது புரியும், எது கேலி எது உயிர் என்று நமக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். குழிக்குள் படுத்த பிறகு அந்த நம்பிக்கையும் போய்விட்டது.

இப்போது உன் பக்கத்துக்கு வா. நடைப்பயணத்தைப் பற்றி நீ எழுதியிருப்பது இதுதான், "உங்களோடு துப்பாக்கி ஏந்திய காவலர் வருவார், ஆகவே கவலை வேண்டாம், ஓட்டப்பந்தயத்தில் யானையை ஜெயிக்க நினைக்காதீர்கள், இதுவரை யாரும் பதக்கம் வாங்கியதில்லை!" நன்றாகத்தான் இருக்கிறது, படித்ததும் எனக்கே உதடு கோணியது, அதுதான் பயம். ஓட்டை பிரேக்கோடு ஒரு வண்டியை நான் கண்ணடித்துக்கொண்டு சாவி கொடுத்து அனுப்புவேனா? அந்த வரியை அடி. அந்த இடத்தில் இதை எழுது: உங்களுக்கு முன்னால் துப்பாக்கியோடு ஒருவர் நடப்பார். அவர் நிற்கச் சொன்னால் நில்லுங்கள், யானை உங்களை நோக்கி வந்தாலும் நில்லுங்கள். நீங்கள் ஓடினால் அது உங்களைத் துரத்தும், அவர் அதற்குக் குறுக்கே போவார். இந்த ஜூலையில் அப்படிப் போனவர் இறந்துவிட்டார், அவர் பெயர் கசோண்டே. நிற்க முடியும் என்று தோன்றாதவர்கள் வண்டியிலேயே சுற்றிப் பார்க்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான், ஒரு ஆச்சரியக்குறி போடக்கூடாது. இதைப் படித்தால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று உன் மேலதிகாரி சொல்வார். வராமல் போகிறவன் போகட்டும், வராதவனால் யாரும் சாகமாட்டார்கள் என்று நான் சொன்னதாகச் சொல். முடியாது என்றால் அந்த வேலையை விட்டுவிட்டு வா, சாப்பாட்டுக்கு இங்கே ஒன்றும் குறைவில்லை.

உன் அம்மாவிடம் உன் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். "உங்க மவ எழுதுற காகிதத்துல எம் மவன் உசிரு தொங்குதாக்கும், அப்ப அப்பனும் மவளும் நல்லா உக்காந்து அழகா எழுதுங்க, நான் நிஷிமாக் களி கிண்டுறேன்" என்று கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். கொண்ட்வானியைப் பட்டறைக்கு வந்துவிடு, மேனேஜரம்மாவிடம் நான் பேசுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "கிரீஸ் கையோட உக்காந்து உன்ன மாதிரி எலி சுட்டுத் தின்னவாப்பா?" என்றான். இந்த வீட்டில் இன்னொரு கேலி கேட்டால் நான் பாத்திரத்தை உடைப்பேன் என்று கத்திவிட்டேன். அவன் பூட்ஸுக்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தான். டேய், உன் பின்னால் வருகிறவன் ஓடினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். தலை நிமிர்த்தாமல், "குறுக்க போவேம்ப்பா. வேற எங்க போறது" என்றான். சிரிக்கவில்லை. அவன் சிரித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அவனுடைய முதல் நடைக்கு வருகிற ஆறு பேரும் உங்கள் கம்பெனி மூலமாக வருகிறவர்கள், முகாமில் அறிவிப்புப் பலகையில் பெயர் எழுதிப் போட்டாகிவிட்டது, எல்லோருக்கும் முதல் தடவை. அவர்கள் அங்கே விமானம் ஏறுவதற்கு முன்னால் நீ திருத்திய பக்கம் அவர்கள் கையில் இருக்க வேண்டும், அனுப்பினால் மட்டும் போதாது, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுப் படித்தீர்களா என்று கேள், அப்போதும் சிரிக்காதே. உனக்கு நல்ல கணவன், திடமான நெஞ்சு, பொய் எழுதாத கை எல்லாம் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மறக்காமல் மருந்து குடி. தம்பியோடு பேசும்போது நான் எழுதியதைச் சொல்ல வேண்டாம், அவன் தூங்கட்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகப் பட்டறை வாசலிலேயே நிற்கிற அப்பா,
லேவி ஜேரே