பஸ் நிறுத்தத்தில் போட்ட கையெழுத்து

டிசம்பர் 4, வியாழக்கிழமை

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தம்பி அன்பரசன், நான் மூன்று பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குவாஹாத்திக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, ரயில்வே ஆபீசுக்குப் போய் வருகிறாய் என்று நம்பித்தான் மனசைத் தேற்றிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இரண்டு வாரமாகப் போனில் ஒரு விஷயத்தைச் சொல்ல வாயெடுக்கிறேன், உடனே உன் தம்பி, அக்காகிட்ட இதையெல்லாம் ஏம்மா சொல்லுத என்று போனைப் பிடுங்கிவிடுகிறான். அவன் பிடுங்காவிட்டாலும் எனக்கு அழுகைதான் முந்திக்கொண்டு வருகிறது. எழுதினால் அழுதாலும் உனக்குக் கேட்காது பார்.

நேற்றுத் திருக்கார்த்திகைக்கு விளக்கு வைத்தோம், மழைத் தூறலில் பாதி அணைந்துவிட்டது. ஆமத்தூர் அத்தை மகளுக்குத் தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள், லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை. அப்பாவுக்கு லோடு ஏற்றி ஏற்றி முழங்காலில் வலி, டாக்டரிடம் வாருங்கள் என்றால் சீசன் முடிந்துவிட்டது, தானாகச் சரியாகும் என்கிறார், கால் என்ன தீபாவளிக்கு மட்டும் வலிப்பதற்கு உண்டானதா. எங்கள் பட்டாசுக் கம்பெனியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். எங்கள் அறையில் பழையபடி நாலு பேர்தான், நானும் கற்பகவல்லியும் பக்கத்தில் பக்கத்தில். உன் சித்தி முறைதான் அவள், உனக்கு நினைவிருக்கும், புருஷன் போன பிறகு மாரிச்செல்வியையும் சின்னவனையும் தனியாக வளர்க்கிறாள். எட்டு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில் குழம்பு பங்கிட்டுச் சாப்பிட்டவர்கள். இப்போது பதினைந்து நாளாக அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறாள். சண்டை ஒன்றும் போடவில்லை. போட்டிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் என்னைப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் செயற்குழு உறுப்பினராகப் போட்டார்கள் அல்லவா, எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக்கூட்டாமல் வாசிப்பவள் என்று சொல்லித்தான் போட்டார்கள். உனக்கு உடனே போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டேன். ஆனால் கூட்டம் என்பதை நான் இரண்டு தடவைதான் கண்ணால் பார்த்தேன். கூட்டம் வைப்பது பகல் பதினொரு மணிக்கு, எங்களைக் கம்பெனி பஸ் ஏழரைக்கே ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒரு நாள் போகாவிட்டால் அடுத்த நாள் நம் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பாள். அதனால் இங்கே ஒரு பழக்கம். வாட்ச்மேன் சுடலை அண்ணன் தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்பார், நாங்கள் இறங்கும்போது சைக்கிள் சீட்டில் வைத்து ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போடுவோம். மேலே பக்கம் காலியாக இருக்கும். டீச்சர் பிறகு எழுதிக்கொள்வார் என்பார். தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் கதவு, சுதந்திர தினத்துக்கு மிட்டாய் என்று எழுதுவார்கள் என்று நாங்களும் போட்டுவிடுவோம். செப்டம்பரிலும் அப்படித்தான் போட்டேன். சீசன் உச்சம், ஓவர்டைம் பார்த்துவிட்டு நிற்கக்கூட முடியவில்லை, போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் காலிப் பக்கத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா. பத்தாம் வகுப்பில் வருகை குறைந்து, படிப்பிலும் பின்தங்கிய ஐந்து பேர், பெற்றோர் விருப்பப்படி டி.சி. வாங்கிக்கொண்டு தனியாகப் பரீட்சை எழுத வேண்டும் என்று கழகம் ஒருமனதாகத் தீர்மானிக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஐந்து பேரில் நம் அன்பரசனோடு படிக்கிற மாரிச்செல்வியும் ஒருத்தி. கற்பகவல்லியைக் கூப்பிட்டு விருப்பக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். நான் எப்பம்மா விருப்பப்பட்டேன் என்று அவள் கேட்டதற்கு, இது பள்ளிக்கூடம் எடுத்த முடிவில்லை, உங்க ஆளுக எடுத்த முடிவுதான் என்று புத்தகத்தைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். என் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே என் பெருவிரல் தடம், அலுமினியப் பொடி படிந்து வெள்ளி பூசினது மாதிரி ஒட்டிக்கிடக்கிறதாம். மறுநாள் அறையில் உட்கார்ந்து மருந்து அடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், யக்கா நீயுமா போட்டிருக்க என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். நான் வாசிக்கலடி என்றேன். உனக்குத்தான் வாசிக்கத் தெரியுமே என்றாள்.

மறுநாளே சம்பளம் போனால் போகிறது என்று லீவு போட்டுவிட்டுத் தலைமையாசிரியை அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை இசை, அதையும் சொல்ல வேண்டும், மழையில் பிள்ளைகளை நனைய விடாமல் தன் குடையைக் கொடுத்து அனுப்புகிறவர்தான். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். இந்த வருஷம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டினால் பிளஸ் டூ வரைக்கும் தரம் உயர்த்திக் கேட்கலாம், கழகத் தலைவர் ராஜபாண்டியன் அதற்காகத்தான் நாலு வருஷமாக அலைகிறார் என்றார். அவரைத் தெரியுமே உனக்கு, லேபிள் பிரஸ் வைத்திருக்கிறவர், பள்ளிக்கூடத்து பெஞ்சு பாதி அவர் வாங்கிப் போட்டது. அவரையும் பார்த்தேன். பத்தாவது முடிச்ச பொம்பளைப் பிள்ளைக சாத்தூருக்கு பஸ் ஏறிப் போகமுடியாம எம்புட்டுப் பேரு படிப்பை நிப்பாட்டியிருக்கு, அஞ்சு பேருக்காக அம்புட்டுப் பேரையும் கெடுக்கச் சொல்லுதீகளா என்று கேட்டார். அவர் சொல்வதிலும் பொய் இல்லையே. வீட்டுக்கு வந்தால் உன் தம்பி, சும்மா இரும்மா, நீ போயிச் சண்டை போட்டா சாருகளுக்கெல்லாம் என்மேலதான் கோவம் வரும், எனக்கும் இங்கனயே பிளஸ் ஒன் வேணும் என்கிறான். அவனும் என் பிள்ளைதான், அவன் சொல்வதைத் தட்டவும் மனசு வரவில்லை.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. மாரிச்செல்வி ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று வருகைப் பதிவேட்டில் எழுதியிருக்காது. ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் அவள் அம்மாவும் நானும் ஓவர்டைம். சின்னவனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் சமைத்தது அந்தப் பிள்ளை. அவள் வீட்டுக்கு மட்டுமா. காலையில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது, அன்பரசனுக்கும் சேர்த்து ஒரு பிடி அரிசி போட்டுவிடு தாயி என்று கேட்டது நான். அதுக்கென்ன பெரியம்மா என்றாள். உன் தம்பி ஒரு நாள் விடாமல் ஸ்பெஷல் கிளாஸ் போனது அவள் பொங்கிய சோற்றைத் தின்றுவிட்டுத்தான். அந்த நாட்களுக்குத்தான் அவளுக்குச் சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். அதே பிள்ளையை வெளியே அனுப்பச் சொல்லி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

உன்னையும் நினைத்துக்கொள்கிறேன். நீ பத்தாவது படிக்கும்போது காலாண்டில் கணக்கில் பதினெட்டு வாங்கிவிட்டு மார்க் அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாய், மறந்திருக்க மாட்டாய். அப்போது கணக்குக்கு வாத்தியாரே கிடையாது. உன் அப்பாவும் இன்னும் எட்டுப் பத்துப் பேரும் வேலையை விட்டுவிட்டு இதே கழகத்துக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து பேசித்தான் செழியன் சாரைத் தற்காலிகமாக வைத்தார்கள். அவர்தான் உன்னைக் கரையேற்றினார். அன்றைக்கு யாராவது ஒரு அம்மாக்காரி பஸ் நிறுத்தத்தில் காலிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் நீ இன்றைக்குக் குவாஹாத்தியில் இல்லை, என் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து அடைத்துக்கொண்டிருப்பாய். மாரிச்செல்வியை இனி வெடிக்குக் குழாய் ஒட்ட உட்கார வைக்கப் போகிறேன் என்று கற்பகவல்லி அறையில் இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

ஒரு தீர்மானத்தை மாற்ற இன்னொரு தீர்மானம் போட வேண்டுமாம். பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியல் செவ்வாய்க்கிழமை போய்விடும். அதனால் திங்கட்கிழமை கூட்டம் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். உறுப்பினர்களில் பாதிப் பேராவது நேரில் வந்தால்தான் செல்லும் என்கிறார்கள். எல்லாரும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டேன், ஆறு பேர் வருகிறேன் என்றார்கள், நாலு பேர் வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்பினார்கள். என்னைச் சேர்த்து ஏழு, பாதிக்கு இன்னும் ஒருத்தர் வேண்டும். நான் வாசிக்காமல் போட்டேன், தப்பு என்னுடையது, அந்தப் பிள்ளையின் லீவில் பாதி என் வீட்டுக்காக எடுத்தது என்று எழுந்து நின்று சொல்லப் போகிறேன். ராஜபாண்டியன் கேட்டதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஐந்து பேரும் படித்துத் தேற இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே, ஒரு செழியன் சாரை இப்போது வைக்கக் கூடாதா என்று கேட்பேன். பேச வருமா தெரியவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது திங்கட்கிழமை தாண்டியிருக்கும். போனில் நீயாக எதுவும் கேட்காதே, கற்பகவல்லி என்னோடு சாப்பிட்டாளா என்று மட்டும் கேள், அதிலேயே உனக்குத் தெரிந்துவிடும். தம்பியைத் திட்டாதே, அவன் பயத்தில் பேசுகிறான். கம்பளியை வெயிலில் போட்டு உதறிக்கொள், தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடி. ஆபீசில் யார் எந்தத் தாளை நீட்டினாலும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பேனாவைத் திறக்காதே. நம் மாரியம்மா உனக்குத் துணையிருப்பாள், நீ எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

எழுதியதை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடும்,

உன் அம்மா
நா. முருகம்மாள்