பொன்னையாவின் இரண்டு மணி நேரம்

காஜா பேராங், மலாக்கா
17.10.1957

அன்புள்ள அத்தானுக்குப் பத்மினி வணக்கத்துடன் எழுதுவது.

நானும் பாப்பாவும் சுகம். உங்கள் கடிதமும் அதோடு மடித்து அனுப்பிய டைப் அடித்த தாளும் நேற்று வந்தன. நீங்கள் சுகமா என்று கேட்க இன்று எனக்கு மனம் வரவில்லை. கணக்கு மெஷினில் தனக்குரிய நேரத்தை வடிகால் பிரிவுப் பொன்னையா ஒரு நாளும் கேட்டதில்லை என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறது. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். நான் போட மாட்டேன்.

நீங்கள் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நம் ஆபீசில் நான்கு பிரிவுகள், மெஷின் ஒன்று, அதை இயக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. தினமும் சண்டை நடந்த அந்த இடத்துக்குத் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே, தலைமைக் கிராணியாக வந்து நீங்கள்தான் முறை வைத்தீர்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் நாளுக்கு இரண்டு மணி நேரம் உறுதி. ஒருவருக்கு வேலை இல்லையென்றால் அந்த நேரத்தை அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். உரியவர் வந்து நின்றால் உடனே விட்டுவிட வேண்டும். அந்த நியாயத்தைப் பார்த்துத்தான் உங்கள்மேல் எனக்கு மதிப்பு வந்தது. கல்யாணமே அதற்குப் பிறகுதான்.

ஜூலையில் சுதந்திர விழாவுக்குப் பண்டார் ஹிலிரில் மேடை கட்ட வேண்டுமென்று கட்டிடப் பிரிவு அவசரப்பட்டது. மேடை வேலை முடியும்வரை மெஷின் முழுவதும் அவர்களுக்கே என்று ஒரு சீட்டு எழுதி என் மேசையில் வைத்தீர்கள். அடுத்த மாதமே உங்களுக்குப் பதவி உயர்வு, கோலாலம்பூர். மேடையைக் கட்டி, விழா நடத்தி, பிரித்தும் ஆயிற்று. மெஷினை அவர்கள் விடவில்லை. அதிகாரிகளின் பங்களாவுக்கு வராந்தா போடும் கணக்கெல்லாம் அதில்தான் நடந்தது. கேட்டால், சீட்டில் தேதி இல்லையே என்றார்கள். உங்களுக்கு இரண்டு முறை எழுதினேன். மேலிடத்து விஷயம், நீ தலையிடாதே என்று பதில் போட்டீர்கள்.

பொன்னையா தினமும் பதினொரு மணிக்கு வருவார். நம் பகுதி வடிகாலை எவ்வளவு அகலப்படுத்துவது என்ற கணக்கு அவர் பொறுப்பு. "இன்னிக்காச்சும் கெடைக்குமாம்மா? மழைக்கு முன்னால வெட்டிறணும்" என்பார். கட்டிடப் பிரிவுக் கிராணி தலையைக்கூடத் தூக்காமல், "லோங்காங், வெறும் சாக்கடைதானே, கையால போட்டுக்குங்க" என்பார். கையால்தான் போட்டார். பாதிகூட முடியவில்லை. அவரைத் திருப்பி அனுப்பியது என் வாய்தான். உங்கள் சீட்டைக் காட்டி அனுப்பினேன்.

போன வாரம் மூன்று நாள் விடாத மழை. தண்ணீர் போக வழியில்லாமல் நம் சந்துக்குள் திரும்பியது. எதிர்வீட்டு அன்னம்மாக்கா அரிசி டின்னை மேலே தூக்கி வைக்கப் போயிருக்கிறார். ஊறிப்போன சமையலறைச் சுவர் அவர்மேல் சாய்ந்துவிட்டது. பாப்பா பிறந்தபோது நாற்பது நாள் எனக்குச் சமைத்துப் போட்டவர். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது, இனி நடக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நேற்றுப் பார்க்கப் போனேன். "ஒங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா பத்மினி?" என்று அவர் என்னைக் கேட்கிறார்.

இப்போது வடிகாலை நேரத்துக்கு வெட்டவில்லை என்று பொன்னையாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரிக்கிறார்கள். அவருக்கு நான்கு பிள்ளைகள். நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் உங்கள் நாற்காலி தப்பும், அவர் வேலை பறிபோய் வீட்டுக்குப் போவார். நமக்காகத்தானே கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை இதில் சேர்க்காதீர்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் சீட்டை எடுத்துப் போகிறேன். பொன்னையா கேட்டார், நான் மறுத்தேன், தலைமைக் கிராணி எழுதிக் கொடுத்ததால் மறுத்தேன் என்று சொல்வேன். என் வேலையும் போகலாம். போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள். அன்னம்மாக்காவைப் பார்த்துவிட்டு, மறுநாள் என்னோடு அந்த அறைக்குள் வாருங்கள். உங்கள் பெயரை நான் சொல்லுமுன் நீங்களே சொல்லிவிட வேண்டும். அந்த மனத்தை முருகன் உங்களுக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
பத்மினி