சித்தப்பா வீட்டு மார்பிள் தரை

திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு ‘எங்க ஊர் சொர்க்கம்’ என்று ஸ்டேட்டஸ் வைக்கும் உங்களுக்கு,

மலை என்று பேச்சை எடுத்தாலே உங்கள் போனுக்கு டவர் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பிக்காக, பெண்வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். மலைமேல் இருக்கும் நம் சொர்க்கத்துக்கு இல்லை. உத்தமபாளையத்தில் இருக்கும் உங்கள் சித்தப்பா வீட்டுக்கு. நம் கல்யாணத்துக்கு முன் எங்கள் அப்பாவை உட்காரவைத்து ஏமாற்றிய அதே மார்பிள் தரை.

“இதுதான் நம்ம வீடுன்னு சொல்லு ஆத்தா. மேல தோட்டம் மட்டும் கெடக்குன்னு சொல்லு” என்று அத்தை எனக்குப் பாடம் நடத்தினார்.

நல்ல தோட்டம். நாம் குடியிருக்கும் வீடே அங்கேதான். ஜீப் அடிவாரத்தோடு நின்றுவிடும். ரேஷன் அரிசி கழுதை மேல் ஏறும், காய்ச்சல்காரர்கள் ஆள் தூக்கும் டோலியில் இறங்குவார்கள். தேர்தலுக்குத் தேர்தல் ரோடு போட டேப் பிடித்து அளப்பார்கள், நீங்களும் கூடவே நடந்து போட்டோ எடுத்துக்கொள்வீர்கள்.

பெண்வீட்டாரிடம் காபி டம்ளரை நீட்டும்போதே இது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அத்தை என்னை முறைத்தார். உங்கள் தம்பி வாசலில் போய் நின்று போனை நோண்டினார். அண்ணனுக்கு ஏற்ற தம்பி.

வந்தவர்கள் கிளம்ப எழுந்தார்கள். பெண்ணின் அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. “இம்புட்டும் தெரிஞ்சு நீங்க ஏன் இன்னும் அங்கனயே இருக்கீக?” என்று கேட்டாள்.

அங்கிருந்தே நேராகப் பஸ் ஏறிவிட்டேன். திரும்பி மலை ஏறவில்லை.

ஏதாவது சொல்ல இருந்தால் பழனிசெட்டிபட்டிக்கு, எங்கள் அப்பா வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். இங்கே வெறும் சிமெண்டுத் தரைதான். ஆனால் சொந்த வீடு.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி