தறியில் மாட்டிய வாட்ச்

நகரி,
புதன்கிழமை

அன்பு மகள் பிரேமலதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தை காவ்யாவும் அந்தக் குளிர் ஊரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் ஏன் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு முகமில்லை. அங்கே கிளம்புகிற நம்ம தமிழரசுவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மார்பில் ஆபரேஷன் ஆகி மருந்தெல்லாம் ஏற்றி முடித்த பிறகு, தினமும் நடந்தால்தான் அந்த நோய் கிட்டே வராது என்று திருப்பதி டாக்டரம்மா சொன்னார், நீயும் நடையை எண்ணும் வாட்ச் அனுப்பினாய். ஒரு பக்கம் தட்டையாகக் கிடக்கும் ரவிக்கையோடு பஜார் தெருவில் கைவீசி நடக்க எனக்குக் கூச்சம், வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடப்பேன். ஒருநாள் பாத்திரம் தேய்க்கும்போது நனையக்கூடாதென்று கழற்றி, நைனாவின் பவர்லூமில் முன்னும் பின்னும் ஆடுகிற கட்டையில் மாட்டிவிட்டு மறந்துபோனேன். தறி ஓடியதையெல்லாம் அது நான் நடந்ததாக எண்ணிக்கொண்டது. அந்தக் கணக்கை அங்கே உன் போனில் பார்த்துவிட்டு நீ என்னைக் கூப்பிட்டு சூப்பர்மா என்று கத்தினாய், உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அப்போது உன்னிடம் வந்து தங்கியிருந்த உன் மாமியார் இந்திராணி போனை வாங்கி, "சம்பந்திம்மா, நீங்க நடக்கறதப் பாத்தா எனக்கே வெக்கமாக்கீது" என்றாள். ஆபரேஷன் ஆன புதிதில் என்னைப் பார்க்க வந்து, கொடுத்த காபியைத் தொடாமல், "இது ஒட்டிக்குமா?" என்று நைனாவைத் தனியாகக் கேட்டவள் அவள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது மாம்பழக் கலர் புடவை, பச்சை பார்டர். அவள் வாயாலேயே என்னைப் பார்த்து வெக்கமென்று கேட்டது எனக்கு இனித்தது. மறுநாள் நானே வாட்சைக் கொண்டுபோய்த் தறியில் மாட்டினேன், அப்புறம் தினமும்.

ஆஸ்பத்திரி நர்ஸ் எங்களை மாதிரி வைத்தியம் முடிந்தவர்களை ஒரு குரூப்பில் சேர்த்திருக்கிறாள், யார் எவ்வளவு நடந்தார்கள் என்பது எல்லோர் போனிலும் தெரியும். எப்போதும் நான்தான் முதல். என்னோடு பக்கத்துக் கட்டிலில் இருந்த காளஹஸ்தி வள்ளி என்னை எட்டிப்பிடிக்கிறேன் என்று தெம்பில்லாத உடம்போடு வெயிலில் நடந்து மயங்கி விழுந்துவிட்டாள். கை முறிந்து புத்தூரில் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளைப் பார்க்கப் போனேன். நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இன்னா ரயிலாக்கா? எந்த ரோட்ல நடக்கறே சொல்லு, கட்டு பிரிச்சதும் நானும் வந்துடறேன்" என்று சிரித்தாள். எந்த ரோட்டைச் சொல்வேன் நான்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று எதையும் மறக்காதவள் நான். வள்ளிக்கும் அப்படி ஒரு ஞாபகம் இருந்துவிட்டால் என்ன செய்வேன்?

நீ எனக்காக வருத்தப்பட்டு அழாதே. குழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வை. மாமியாரிடம் நீயே சொல்லிவிடு, அவள் சிரித்தால் சிரிக்கட்டும். நேற்றிலிருந்து பஜார் தெருவில் நடக்கிறேன், பாதியில் மூச்சு வாங்கித் திரும்பிவிடுகிறேன். இனி உன் போனில் கணக்கு ரொம்பக் குறைவாகத்தான் வரும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து கூப்பிடாதே. அவ்வளவுதான் நான் நடந்தது.

மூவரும் நீண்ட ஆயுசோடு இருக்க வாழ்த்தும்,
உன் அம்மா
பாப்பாத்தி