வெயிலில் காய்ந்த விதை

வேப்பந்தட்டை
சர்வசித்து வருஷம், தை மாதம்

சிரஞ்சீவி உத்திராபதிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றுகளும் ஏதோ நலமாக இருக்கிறோம், பம்பாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி போகவில்லை, எனக்கு அலுப்பு, வேறொன்றும் இல்லை.

சோயா மொச்சை நன்றாக வந்தால் மில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுவதாக எழுதியிருந்தாய், அறுப்பு முடிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். விவசாய ஆபீஸர் சொன்னபடி மேலக்காட்டை மூன்று பாகமாக்கி, ஒன்றில் வெறும் விதை, ஒன்றில் அமோனியா உப்பு, ஒன்றில் அவர் புட்டியில் கொடுத்த கிருமியை வெல்லத்தண்ணீரில் கலந்து பூசிய விதை என்று போட்டேன். அந்தக் கிருமி வேரில் முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொண்டு செடிக்குத் தானே எரு கொடுக்குமாம், உப்பு வாங்கவே வேண்டாமாம். உப்புப் போட்ட செடி கரும்பச்சையாக வளர்ந்து கொஞ்சம் கூடத்தான் காய்த்தது, ஆனால் உப்புக்குப் போட்ட காசு திரும்பவில்லை, அரியலூர் மண்டியில் இது என்ன பயறு என்று கேட்கிறார்கள், அவித்தாலும் பச்சை வாடை போகாமல் மாடுதான் தின்கிறது. கிருமி விதை போட்ட இடமோ வெறும் விதை போலவே மஞ்சளாய் நின்றது. ஆபீஸர் வந்து செடியைப் பிடுங்கிப் பார்த்தார், வேரில் ஒரு முடிச்சும் இல்லை. வெதைய வெயில்ல போட்டீங்களா பெரியவரே, வெயில் பட்டா கிருமி செத்துடுமே, நிழல்ல ஒலத்தச் சொன்னேனே என்றார். ஆமாங்க, நாந்தான் மறந்து போட்டுட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

போட்டது உன் அம்மா. நிழலில் உலர்த்து என்று சொல்லித்தான் நான் ஏர் பூட்டப் போனேன். எம் புள்ளய ஊருக்குக் கூட்டியாரப் போற வெதை, ஈரத்தோட போட்டா புழுத்துப் போயிடும் என்று, துவரைக்குச் செய்வதுபோல் சாம்பல் புரட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்து காக்கை விரட்டி, நல்ல வெயிலில் காய வைத்திருக்கிறாள். பெருமையாக வேறு சொன்னாள், அப்போது எனக்கும் அது தப்பென்று படவில்லை. மழை சரியில்லை என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எறையூரில் நிழலில் உலர்த்திப் போட்டவர் காட்டில் உப்பில்லாமலே நன்றாகக் காய்த்திருக்கிறதாம், வரும் ஆடியில் நாமும் பார்க்கலாம். ஆனாலும் வாங்க ஆளில்லாத பயிரை நம்பி வேலையை விடாதே தம்பி. வா என்று எழுதத்தான் எனக்கும் ஆசை, முடியவில்லை.

குலதெய்வம் உன் கூடவே இருக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் பதிலை அம்மா பக்கத்து வீட்டுக் கமலவேணியைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள், அதில் வெயில் பேச்சே வரக்கூடாது. முதலாளி இப்போது விடமாட்டேன் என்கிறார் என்று எழுது.

உன் அப்பா
அய்யம்பெருமாள்